சந்தியோகுவுக்காகத் தெரிவு செய்த வரைபடம்

பொறுப்பதிகாரி ஐயாவுக்கு,

கடலில் இடம் காட்டும் ஜி.பி.எஸ். கருவி நன்றாகவே வேலை செய்கிறது. உடைந்த வள்ளத்துக்குள் இரண்டு நாள் உப்புத் தண்ணீரில் ஊறிக் கிடந்த பொருளுக்கு அது பெரிய காரியம்தான். திரையைத் துடைத்து மின்கலம் இரண்டையும் மாற்றினேன், உடனே வெளிச்சம் வந்தது. இப்படிப்பட்ட சாமானைத் திறந்து வாசிக்கக்கூடிய ஆள் குருநகரில் அருட்பிரகாசம் ஒருவன்தான் என்று யாரோ சொல்லி, என் கடைக்கே அனுப்பியிருக்கிறீர்கள். சொன்னவர் பொய் சொல்லவில்லை. செத்தவனின் கருவியைச் செத்தவனின் தங்கை புருஷனிடமே கொடுத்து அறிக்கை கேட்கலாமா என்று உங்கள் நிலையத்தில் ஒருவருக்கும் யோசனை வரவில்லை. அதில் எனக்கு ஆச்சரியமும் இல்லை.

அரைப் பக்கம் எழுதினால் போதும் என்று கருவியைக் கொண்டுவந்த பொலிஸ்காரர் சொன்னார். "கருவியில் பழுது இல்லை" என்று எழுதி நான் கையெழுத்து வைத்தால், கூடப் போன லெனாட் குடித்துவிட்டு வள்ளத்தை ஓட்டிப் பாரில் ஏற்றினான் என்று கோப்பை மூடிவிடுவீர்கள். பார் என்றால் கடலுக்குள் மறைந்து கிடக்கும் கல். நீங்கள் கண்டிப் பக்கத்து ஆள் என்பதால் சொல்கிறேன். லெனாட்டை எனக்குப் பத்து வருடமாகத் தெரியும். ஒரு வள்ளத்தைத் திட்டமிட்டு உடைப்பதற்கு மூளை வேண்டும், அவனிடம் அது கிடையாது. ஆகவே நடந்ததை முழுதாக எழுதுகிறேன். அதற்கு ஒரு கணினி விளையாட்டிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. முகம் சுளிக்காமல் வாசியுங்கள்.

ஒரேயொரு குடியிருப்போடு தொடங்கி, வயல் வெட்டி, சுரங்கம் தோண்டி, நகரம் கட்டி, அயலிலுள்ள அரசுகளோடு போரிட்டோ சமாதானம் பேசியோ கடைசிவரை நிலைத்து நிற்க வேண்டிய விளையாட்டு அது. அயல் அரசுகளைக் கணினி நடத்தும். ஆட்டம் தொடங்குவதற்கு முன் ஒரு பக்கம் வரும். நிலம் எவ்வளவு, கடல் எவ்வளவு, மழை எவ்வளவு, இரும்பும் பொன்னும் தாராளமா பஞ்சமா, எதிரிகள் எத்தனை பேர், அவர்கள் எவ்வளவு கிட்ட இருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் நாமே தெரிவு செய்யலாம். கடைசியாகக் கடினத்தின் அளவு. ஒன்றிலிருந்து எட்டு நிலை. ஆட்டத்தைவிட அந்தப் பக்கம்தான் எனக்கு முக்கியம். ஒருவன் எப்படிப்பட்டவன் என்பதை அங்கே பார்த்துவிடலாம்.

எங்கள் பகுதியில் இதை ஆடுகிறவர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். எல்லோரும் இரண்டாம் நிலையில், மழை கொட்டும் வரைபடத்தில், பொன் காலில் தடுக்குகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, வென்றுவிட்டேன் என்று முகநூலில் படம் போடுகிறவர்கள். அவர்களுடைய சீவியமும் அப்படித்தான். பிரான்சில் ஓர் அண்ணன், கனடாவில் ஒரு மாமா, மாதம் பிறந்தால் காசு. அது அவர்கள் கெட்டித்தனம் இல்லை, யாரோ தெரிவு செய்து கொடுத்த வரைபடம். எனக்கு அப்படி ஒருவரும் இருக்கவில்லை. அப்பாவோடு பதினாறு வயதில் கடலுக்குப் போனேன். கடல் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதன் பிறகு படித்தேன், கடை போட்டேன். விளையாட்டில் எட்டாம் நிலைக்குக் கீழே நான் தெரிவு செய்ததில்லை. பஞ்ச வரைபடம், வறண்ட நிலம், சுற்றிவர எதிரிகள். அதற்குப் பெயர்தான் ஆட்டம்.

சந்தியோகு என் மனைவி டிலக்ஷியின் ஒரே அண்ணன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கடலுக்குப் போனவன். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. சனிக்கிழமை காலையில் கரைக்கு வந்ததும் நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, நல்ல மீனாக ஒன்றைக் குசினியில் வைத்து, தங்கையின் கையால் தேத்தண்ணீர் குடித்துவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவான். போன கார்த்திகையில் நாலு நாள் விடாமல் மழை பெய்தது, தொழில் இல்லை. அந்த நாலு நாளும் என் கடையில் வந்து குந்திக்கொண்டான். நான் ஆடுவதைப் பார்த்துவிட்டுத் தனக்கும் பழக்கச் சொன்னான். மற்றக் கணினியைப் போட்டு, அந்தப் பக்கத்தை அவன் முன்னால் வைத்தேன்.

"உதென்ன மச்சான், முழுக்கத் தரையாக் கிடக்கு," என்றான். "கடலைக் கொஞ்சம் கூட்டி விடுங்கோவன்."

"கடலைக் கூட்டினா ஆட்டம் லேசாப் போயிடும்."

"லேசாப் போகட்டுமே, ஆர் வந்து கேக்கப்போறாங்கள்? மீனையும் கூட்டுங்கோ. எதிரியளை ஒரு நாலு பேரோடை நிப்பாட்டுங்கோ, அதுகளும் தூரத்திலை இருக்கட்டும்."

நிலை எது என்று கேட்டேன். மூன்று என்றான். ஏன் மூன்று என்று கேட்டேன்.

"விளையாட்டுத்தானே மச்சான்."

இந்த ஒரு வசனத்தைப் போல எனக்கு அருவருப்பான வசனம் தமிழில் வேறு இல்லை. விளையாட்டுத்தானே என்று சொல்கிறவன் எல்லாவற்றையும் அப்படித்தான் சொல்லுவான். அவன் பக்கத்துக் கடைக்குத் தேத்தண்ணீர் சொல்லப் போனான். போய்வந்த ஐந்து நிமிடத்தில் நான் நிலையை எட்டுக்கு ஏற்றினேன். கடலை மட்டும் விட்டுவைத்து, மற்ற எல்லாவற்றையும் பஞ்சமாக்கினேன். எதிரிகளை எட்டுப் பேராக்கிக் கிட்டக் கொண்டுவந்தேன். ஆட்டம் தொடங்கிய பிறகு நிலை எது என்று திரையில் தெரியாது. நான் அவனிடம் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் பயந்திருப்பான். பயந்தவன் ஆடுவதைப் பார்த்து அறிந்துகொள்ள ஒன்றுமில்லை.

அவன் நாலு நாள் ஆடினான். கடற்கரையில் மூன்று சின்ன ஊர்களைத் தவிர வேறொன்றும் கட்டவில்லை. மீன் பிடித்தான். பிடித்த மீனில் பாதியை எதிரிகளுக்குக் கொடுத்துச் சமாதானம் வைத்துக்கொண்டான். அதைப் பார்த்து நான் சிரித்தேன். எதிரிகள் தங்களுக்குள் அடிபட்டு ஓய்ந்தார்கள். மிச்சமிருந்த ஒருவனைக் கப்பல்களால் வளைத்து, நாலாம் நாள் பின்னேரம் வென்றுவிட்டான். எட்டாம் நிலையில், முதல் ஆட்டத்தில். அது அவனுக்குத் தெரியாது.

"மூண்டும் கொஞ்சம் கஷ்டம்தான், என்ன மச்சான்," என்று சொல்லிச் சோம்பல் முறித்தான்.

நான் திருத்தவில்லை. அவனுக்கு அந்தப் பெருமை தேவைப்படாது என்று நினைத்தேன்.

என்னுடைய முறையைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுவது நேர்மை. எட்டாம் நிலையில் பத்து நகர்வுக்கு ஒருமுறை நான் ஆட்டத்தைச் சேமித்து வைப்பேன். எங்காவது பிழை நேர்ந்தால் சேமித்த இடத்துக்குத் திரும்பிப் போய் வேறு வழியில் முயல்வேன். இதற்குப் பெயர் ஆராய்ச்சி. அந்த நாலு நாளில் சந்தியோகு என் திரையில் சேமிப்புகளின் பட்டியலைப் பார்த்திருக்கிறான். இருநூற்றுச் சொச்சம் இருந்தது. அப்போது அவன் எதுவும் சொல்லவில்லை.

சொன்னது கோயில் பெருநாளன்று. மாமி செபஸ்தியம்மா வீட்டில் மத்தியானச் சாப்பாடு, இருபது பேருக்குக் குறையாது. யாரோ என்னிடம் விளையாட்டைப் பற்றிக் கேட்க, நான் எட்டாம் நிலையைப் பற்றி விளக்கத் தொடங்கினேன். சந்தியோகு நண்டுக் காலைக் கடித்துக்கொண்டே சொன்னான்.

"மச்சான் தோக்கிறதே இல்லை. தோக்கப்போறார் எண்டால் முந்தின நாளுக்குப் போயிடுவார்."

எல்லோரும் சிரித்தார்கள். லெனாட்டுக்கு விளங்க அரை நிமிடம் பிடித்தது, விளங்கியதும் அவனும் சிரித்தான். டிலக்ஷி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமி மட்டும் சிரிக்காமல் என் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னொரு நண்டை வைத்து, "சிரியாதேங்கோ, பாவம், மருமோன் சாப்பிடட்டும்," என்றா. சந்தியோகு வந்து என் முதுகில் தட்டினான். அவன் மனதில் கெட்ட எண்ணம் இருக்கவில்லை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். பாவம் என்ற சொல்லைப் பற்றியும் நான் பெரிதாக நினைக்கவில்லை. நடந்த ஒழுங்கில் எல்லாம் இருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

இனிக் கருவிக்கு வருகிறேன். எங்கள் ஆட்களுக்கு மீன் கிடக்கும் இடங்கள்தான் சொத்து. முந்தி கோயில் கோபுரத்தையும் ஒரு பனையையும் நேராக வைத்து அந்த இடங்களைக் குறி பார்த்தார்கள், இப்போது எண்களாகக் கருவியில் வைத்திருக்கிறார்கள். அந்தப் புள்ளிகளை ஒருவன் குடும்பத்துக்கு வெளியே காட்டமாட்டான். கூடப் பிறந்த மாதிரிப் பழகும் சிநேகிதனுக்கும் காட்டமாட்டான். கருவி பழுதானால் கடையில் கொடுக்கவும் பயம், கடைக்காரன் புள்ளிகளைப் பார்த்து எழுதி வேறு யாருக்காவது விற்றுவிடுவான் என்று. சந்தியோகுவிடம் தகப்பனுடைய கொப்பி ஒன்று இருந்தது. அதில் நாற்பத்தொரு புள்ளிகள். நாற்பது மீனுக்கு. நாற்பத்தோராவது கரைக்கு வரும் வழி, பாருக்கு நடுவே வள்ளம் நுழையக்கூடிய வாய். அது அறுபது மீற்றர் அகலம்.

மார்கழியில் அவனுடைய பழைய கருவி செத்துப்போனது. புதிதாக ஒன்று வாங்கிக் கொப்பியோடு என்னிடம் கொண்டுவந்தான். கொப்பியைப் பொலித்தீனில் சுற்றி, மேலே அந்தோனியார் படம் ஒன்றும் வைத்திருந்தான்.

"உங்களை விட்டா இதை ஆரிட்டைக் குடுக்கிறது மச்சான்," என்றான்.

அதாவது, நான் கடைக்காரன் இல்லை, குடும்பம். நான் செய்யப்போவதற்கு இந்த நம்பிக்கையும் வேண்டியிருந்தது.

இந்தக் கருவிகளிலும் ஒரு தெரிவுப் பக்கம் இருக்கிறது. ஒருவரும் அதைத் திறப்பதில்லை. அதில் ஓரிடத்தில், பூமியை எந்தக் கணக்கின்படி அளப்பது என்று கேட்கும். உலகம் முழுவதும் இப்போது ஒரே கணக்குத்தான். ஆனால் வெள்ளைக்காரன் காலத்தில் இந்தத் தீவை அளப்பதற்கென்று வேறொரு கணக்கு இருந்தது, அதுவும் அந்தப் பட்டியலில் கிடக்கிறது. அந்தப் பழைய கணக்கைத் தெரிவு செய்துவிட்டுக் கொப்பியிலுள்ள எண்களை அடித்தால், திரையில் எண்கள் கொப்பியில் உள்ளபடியே நிற்கும். கடலில் அவை குறிக்கும் இடம் மட்டும் இருநூற்று முப்பது மீற்றர் கிழக்கே தள்ளிப்போகும். நாற்பத்தொன்றும் ஒரே சீராக. வாய் இருக்க வேண்டிய இடத்தில் கல் வரும். நீங்களே திறந்து பார்க்கலாம், அந்தத் தெரிவு இன்னும் அப்படியே இருக்கிறது. நான் தொடவில்லை.

வேலை அரை மணித்தியாலத்தில் முடிந்தது. இருந்தாலும் கொழும்பிலிருந்து ஏதோ மென்பொருள் வரவேண்டும் என்று சொல்லி, கருவியைத் தை மாதம் பிறந்து பத்து நாள் போகும்வரை வைத்திருந்தேன். தையில் விடியற்புறம் களப்புக் கடலில் பனி மூடும். வள்ளத்தின் அணியத்தில் நிற்கிறவனைப் பின்னால் இருக்கிறவனுக்குத் தெரியாது. பனியை நான் போடவில்லை, பனி வருகிற மாதத்தைத் தெரிவு செய்தேன். பனி இல்லாத நாளில் அவன் கண்ணாலேயே வாயைப் பார்த்து வந்துவிடுவான், கருவியைத் திரும்பியும் பாரான். அது மூன்றாம் நிலை.

வாங்க வந்தபோது லெனாட்டையும் கூட்டிவந்தான். புதுக் கருவி என்பதால் எண்களைச் சரிபார்க்க வேண்டும் என்றான். அந்த மட்டுக்கு அவன் கவனமானவன்தான். லெனாட் கொப்பியைப் பார்த்து உரக்க வாசிக்க, சந்தியோகு திரையைப் பார்த்து, "ஓம், அடுத்தது," என்றான். நாற்பத்தொரு தடவை. எல்லாம் சரி. எழுத்துக்கு எழுத்துச் சரி. வேலைக்குக் காசு வாங்க மாட்டேன் என்றேன். அவன் கேட்கவில்லை, மூன்று பேருக்கும் தேத்தண்ணீரும் வடையும் வாங்கிவந்தான். இந்த உலகத்தில் எண் சரியென்றால் இடமும் சரியென்று நம்பிக்கொண்டு எத்தனை பேர் நிம்மதியாகத் தேத்தண்ணீர் குடிக்கிறார்கள் என்று அப்போது யோசித்தேன். நான் அதை இழிவாகத்தான் நினைத்தேன், மறைக்கவில்லை.

ஆனால் இதைக் கொலை என்று எழுதிக்கொள்வதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். அவனுக்கு வழி இருந்தது. தகப்பன் படிப்பித்த ஈயக்குண்டு வள்ளத்தில் கிடந்தது, அதை இறக்கினால் ஆழம் தெரியும், ஆழம் தெரிந்தால் இடம் தெரியும். பூசை மணியின் சத்தம் பனிக்குள்ளும் கேட்கும். என்ஜினை நிறுத்திப் பனி விலகும்வரை காத்திருக்கலாம். அவனிடமிருந்து இவற்றில் எதையும் நான் எடுக்கவில்லை. கடினத்தின் அளவை மட்டும் ஏற்றினேன். அவன் உண்மையில் கெட்டிக்காரன் என்றால் இதிலிருந்தும் மீன் பெட்டியோடு கரைக்கு வந்திருப்பான். நான் அவனை மதித்ததால்தான் எட்டாம் நிலையைக் கொடுத்தேன். லெனாட்டைப் போன்றவனுக்கு அதைக் கொடுத்து நேரத்தை வீணாக்கியிருக்கமாட்டேன்.

மிச்சம் உங்கள் கோப்பில் இருக்கிறது. சனிக்கிழமை விடியற்புறம், நல்ல வேகத்தில் வந்த வள்ளம் பாரில் ஏறி இரண்டாகப் பிளந்தது. சந்தியோகு அணியத்தால் எறியப்பட்டுத் தலை கல்லில் அடிபட்டுச் செத்தான். லெனாட் கை முறிந்து, ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். குளிருக்குக் குடித்த சாராயம் அவனில் மணத்தது, அதோடு உங்கள் விசாரணை முடிந்தது. இப்போது ஊர் முழுக்க, வெறிகாரன் லெனாட் சந்தியோகுவைக் கொன்றுவிட்டான் என்று கதைக்கிறார்கள். மாமி அவனுடைய தாயின் வாசலில் போய் நின்று மண்ணை வாரி எறிந்தா. ஒரு குற்றமும் செய்யாதவன் மறியலில் அடைபட்டுக் கிடப்பது சரியில்லை என்பதால்தான் எழுதுகிறேன் என்று முதலில் தொடங்கினேன். அதை அடித்துவிட்டேன். நான் அவ்வளவு யோசித்துச் செய்த ஒன்றை ஒரு குடிகாரனின் கைத்தவறு என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

லெனாட் உங்களிடம் இன்னொன்றும் சொல்லியிருக்கிறான். சந்தியோகு அண்ணை நடுவில் என்ஜினை நிப்பாட்டிப்போட்டு ஆரோடையோ ரெலிபோனில் கதைச்சவர் என்று. வெறியன் உளறுகிறான் என்று அதை ஒரு வரியோடு விட்டிருக்கிறீர்கள். அவன் உளறவில்லை. வள்ளம் போன பாதையைக் கருவி தானே பதிந்து வைத்திருக்கிறது, நீங்கள் கேட்ட அறிக்கையின் முக்கியமான பகுதி அதுதான். ஆறு மணி ஒரு நிமிடத்திலிருந்து ஆறு பன்னிரண்டு வரை, பாருக்கு நானூறு மீற்றர் இருக்கையில், வள்ளம் ஒரே இடத்தில் நின்றது. அவன் நிறுத்தியிருக்கிறான். குண்டை இறக்கியிருக்கிறான். ஆழம் கருவி சொல்வதோடு ஒத்துவரவில்லை என்பதை, ஒன்பதாம் வகுப்புப் படித்தவன், பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டான்.

ஆறு பத்துக்கு என் தொலைபேசி அடித்தது. தொலைபேசிக் கொம்பனியைக் கேட்டால் அழைப்புப் பதிவைத் தருவார்கள், நீங்கள் கேட்கவில்லை.

"மச்சான், எழுப்பிப்போட்டனோ? இஞ்சை சரியான பனி. இந்த மெசின் ஏதோ பிழையாக் காட்டுது போல கிடக்கு. குண்டு விட்டுப் பாத்தன், வாய்க்கு நேரை இல்லை எண்டு மனம் சொல்லுது. வெயில் ஏறுமட்டும் இதிலையே நிக்கவோ?"

அப்போது எனக்கு வந்த வெறுப்பை எழுத எனக்குச் சொல் இல்லை. அவன் மறுபடியும் வென்றுவிட்டான். இந்த முறையும் எதை வென்றோம் என்று தெரியாமலே. என்னிடமே கேட்டுக்கொண்டு நிற்கிறான்.

"மெசின் பிழை விடாது மச்சான்," என்றேன். "நாற்பத்தொண்டும் நீரே பாத்தனீர்தானே. உம்மடை மனம்தான் பனிக்குள்ளை பிழை விடுது. அது காட்டிற பாதையிலை நேரை வாரும். மெல்ல வந்தா நீரோட்டம் இழுக்கும், வேகத்தைக் கூட்டி இறுக்கிப் பிடிச்சு வாரும்."

"ஓம், நீங்கள் சொன்னாச் சரி," என்றான். "டிலக்ஷிக்குச் சொல்லுங்கோ, நல்ல பாரை மீன் ஒண்டு கிடக்கு."

குசினியிலிருந்து டிலக்ஷி, "ஆரது, அண்ணையோ?" என்று கேட்டாள். ஓம், வாறானாம் என்றேன். அவள் தேத்தண்ணீருக்குக் கேத்திலை அடுப்பில் வைத்தாள்.

இதுதான் என் வாக்குமூலம். கருவியையும் கொப்பியையும் இத்துடன் அனுப்புகிறேன். லெனாட்டை விட்டுவிடுங்கள். நான் கடையில்தான் இருப்பேன், எங்கும் போகமாட்டேன். நீதிமன்றத்தில் என்னை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், ஒன்றை மட்டும் பிழையாக எழுதிவிட வேண்டாம். தொலைபேசியில் நான் சொன்ன அந்த ஒரு பதிலைக் கணக்கில் எடுக்காமல் விட்டால், நான் அவனோடு நேர்மையாகத்தான் ஆடினேன்.